இசை இரசிகரும் இடர் நிவாரணமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ள கண்டக்குழி, புத்தளம் மாவட்டத்துக் கடலோர ஊர்களுள் ஒன்று. குடாநாட்டின் ஒரு பக்கம் புத்தளம் களப்பு. மறு பக்கம் திறந்த கடல். இரண்டுக்கும் இடையே கிடக்கும் மணல்நிலத்தில் வாழ்வோர்க்குப் பருவக்காற்றின் போக்குத் தெரியும். புயலின் குணமும் ஓரளவு தெரியும். நிலநடுக்கமோ அவர்களுக்கு நெடுங்காலம் பாடநூலிற் படிக்கும் ஒரு சொல்லாகவே இருந்துவந்தது. பூமியின் மேலோடு பெருந்தட்டுக்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று முட்டும் எல்லைகளிலிருந்து இலங்கைத் தீவு வெகுதொலைவு விலகிக் கிடப்பதே அதற்குக் காரணம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் அந்தச் சொல் கரைக்கு வந்து சேர்ந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி விடுமுறையும் கூடியிருந்தது. காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. நடுக்கத்தின் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டது. பிளவின் நீளம் 1,200 கிலோமீற்றருக்கு மேல். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடல் எழுந்து இலங்கையின் கிழக்குக் கரையை அடித்தது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி என வரிசையாக ஊர்கள் அழிந்தன. நாடெங்கும் மாண்டோர் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டனர். பழந்தமிழர் கடற்கோள் என்று கூறியதைச் சுனாமி என்னும் யப்பானியச் சொல்லாற் சிறுபிள்ளைகளும் சொல்லப் பழகினர்.

அலை தீவின் தென்முனையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரைக்கும் வந்தது. ஆயினும் வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல அதன் வலி குன்றியது. தீவின் உடலே கற்பிட்டிப் பக்கத்துக்குக் கேடயமாக நின்றது எனலாம். கிழக்குக் கரையோடு ஒப்பிட்டால், கண்டக்குழி முதலிய கரைகள் தப்பிய கரைகளே.

தப்பிய கரை என்னும் சொல்லிலும் ஒரு குறை உண்டு. கடலிற் கலந்த பிணங்களை மீன் தின்றிருக்கும் என்ற அச்சத்தால், நாடு முழுவதிலும் மக்கள் பல வாரங்கள் மீன் வாங்கத் தயங்கினர். வலை கிழியாதவன், வள்ளம் உடையாதவன், வீடு இடியாதவன்கூட விற்பனையின்றித் தவித்தான். இவ்வகை நட்டம் எந்த நிவாரணப் பட்டியலிலும் எளிதில் ஏறுவதில்லை. அன்றியும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை மீனவருட் பலர் கிழக்கு, வடகிழக்குக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது வழக்கம். அங்குள்ள கரைகள் அழிந்தபோது, இங்குள்ளோரின் அரையாண்டுப் பிழைப்பும் ஆட்டங்கண்டது. ஒரு கரையின் துயரம் மற்றொரு கரையின் துயரமாவதற்கு அலை அங்கும் அடிக்கவேண்டும் என்பதில்லை.

இக்காலத்திலேதான், இவ்வூர்களின் பெயரையும் அறியாத தொலைநகரங்களில் இசை இரசிகர்கள் கூடிப் பணம் திரட்டலாயினர். பாட்டுக் கேட்க வந்தவன் பணப்பையைத் திறப்பது ஏன்? அவ்வாறு திறந்த பையிலிருந்து விழும் காசு கரையை வந்து அடைவது எப்படி? எங்கே அது தங்கிவிடுகின்றது? இக்கேள்விகளை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

முதற்கேள்விக்கு விடை புத்தளக் கரையிலேயே கிடைக்கின்றது. உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்கள் ஈழத்து நாட்டார் பாடல்களுட் பெயர்பெற்றவை. ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான். மற்றையோர் ஏற்றுப் பாடுவர். பாட்டின் அடி விழும் இடத்திற் கை இழுக்கும். பல கைகள் பல வேளைகளில் இழுத்தால் மடி கரைக்கு வராது. ஒரே வேளையில் இழுக்கச் செய்வதே பாட்டின் வேலை. பாட்டு எவனுடைய வலிமையையும் கூட்டுவதில்லை. சிதறிக் கிடக்கும் வலிமையை ஒரு கணத்திற் கூட்டுகின்றது. இரசிகர் கூட்டம் நன்கொடைக் கூட்டமாக மாறுவதும் இவ்வாறே. இரக்கம் எல்லார் நெஞ்சிலும் முன்னரே உண்டு. இன்று, இந்த நேரத்தில், இந்த இடத்தில் என்று அதற்கு ஒரு தாளம் கிடைப்பதில்லை. விருப்பமான பாடகனின் குரல் அத்தாளத்தைக் கொடுக்கின்றது. அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கு அசையாதவன், பாடகனின் ஒரு சொல்லுக்கு அசைவதைக் கண்டு வியப்பதற்கில்லை. அரசாங்கத்தோடு அவனுக்குள்ள உறவு வரி உறவு. பாடகனோடு உள்ளதோ பல்லாண்டுப் பழக்கம், ஒரு பக்கத்துப் பழக்கமாயினும்.

தமிழுலகில் இவ்வுண்மையை நன்கு உணர்ந்து செயற்படுத்தியவர் எம். எஸ். சுப்புலட்சுமி. கஸ்தூரிபா காந்தி நினைவு நிதிக்காக 1944இல் அவர் நடத்திய கச்சேரிகள் தொடக்கமாக அமைந்தன. அதன் பின்னர் மருத்துவமனை, கல்விக்கூடம், கோயில், அனாதை இல்லம் என எத்தனையோ அறங்களுக்கு அவர் பாடினார். நன்கொடைக் கச்சேரிகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. அவருடைய கணவர் சதாசிவம் நுழைவுச்சீட்டு முதல் வரவு செலவு வரை முறையாகக் கவனித்தவர். 1974இல் மகசாசே விருது அவருக்குக் கிடைத்தபோது, அது இசைக்கான பரிசாகவன்றிப் பொதுத்தொண்டுக்கான பரிசாகவே வழங்கப்பட்டது. வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத் தொகையைத் திருப்பதித் தேவஸ்தானத்து வேதபாடசாலைக்கு அவர் எழுதிவைத்தது பலரும் அறிந்த செய்தி. கச்சேரி ஒரு மாலையில் முடிந்துவிடும். இசைத்தட்டோ விற்கும் காலமெல்லாம் ஈட்டிக் கொடுக்கும். இவ்வேறுபாட்டின் பெறுமதி பின்னர் விளங்கும். அவர் மறைந்தது 2004 டிசெம்பர் 11ஆம் நாள்; கடல் பொங்கியது பதினைந்து நாள் கழித்து.

மேல்நாட்டில் இம்முறைக்கு வித்திட்டவரும் ஓர் இந்தியரே. 1970 நவம்பரிற் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். அடுத்த ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தனர். வங்காளியான சித்தார் மேதை ரவிசங்கர் தம் மக்களுக்காக ஒரு கச்சேரி செய்து சிறிது பணம் அனுப்ப எண்ணினார். தம்மிடம் சித்தார் பயின்றவரும், பீட்டில்ஸ் குழுவின் வழியாகப் பெரும்புகழ் பெற்றவருமான ஜோர்ஜ் ஹரிசனிடம் இதனைக் கூறினார். சில வாரங்களிலேயே ஏற்பாடுகள் முடிந்தன. 1971 ஓகஸ்ட் முதலாம் நாள் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில், பிற்பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வந்தனர். ரவிசங்கரும் சரோத் வித்துவான் அலி அக்பர் கானும் தபேலா வித்துவான் அல்லா ரக்காவும் முதலில் மேடையேறினர். அவர்கள் சுருதி கூட்டி முடித்த உடனேயே அவையோர் கைதட்டிவிட்டனராம். சுருதி கூட்டியதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் புன்னகையோடு கூறியது இசைத்தட்டிலும் பதிவாகியுள்ளது. அவ்விளைஞர்கள் இராகம் அறிந்து வந்தவர்கள் அல்லர். வங்காளம் எங்கே உள்ளது என்பதையும் அன்றுதான் பலர் அறிந்தனர். அறியாமை கொடைக்குத் தடையாகவில்லை.

நுழைவுச்சீட்டு வருமானமாகிய 2,43,418 டொலர் பத்துப் பன்னிரண்டு நாள்களில் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியமாகிய யுனிசெவ்வுக்கு அனுப்பப்பட்டது. சிக்கல் அதன் பின்னரே எழுந்தது. இசைத்தட்டும் திரைப்படமும் பெரும்பணம் ஈட்டின. ஆயின், நிகழ்ச்சிக்கு முன்னரே அதனை அறப்பணியாக முறைப்படி பதிவு செய்யாத காரணத்தால் அமெரிக்க வரித்துறை அப்பணத்தைத் தடுத்து நிறுத்தியது. வழக்கும் கணக்காய்வும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1985 அளவிலேதான் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் டொலர் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது. அதற்குள் கிழக்குப் பாகிஸ்தான் பங்களாதேசமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று பசியால் அழுத குழந்தை, உயிரோடிருந்தால், பள்ளிப் படிப்பை முடித்திருக்கும். ஒரு விண்ணப்பப் பத்திரம் காலத்தில் நிரப்பப்படாமையால் விளைந்த தாமதம் இது. பாடியவர்களிடமும் கேட்டவர்களிடமும் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் நல்லெண்ணத்துக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிவிட்டது.

அப்பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் 2005இல் விரைந்து செயற்பட்டனர். சனவரி 17ஆம் நாள் பிரித்தானியாவில் இருநூறுக்கு மேற்பட்ட வணிக வானொலி நிலையங்கள் தத்தம் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பிப் பணம் திரட்டின. நாள்தோறும் ஒன்றோடொன்று போட்டியிடும் நிலையங்கள் ஒரு பகற்பொழுது ஒரே குரலாகப் பேசியது ஒலிபரப்பு வரலாற்றில் நினைக்கத்தக்கது. ஐந்து நாள் கழித்து, வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகர விளையாட்டரங்கில் அறுபதினாயிரம் இரசிகர் திரண்டனர். எரிக் கிளாப்டன் முதலிய பலர் பாடினர். திரண்ட தொகை பன்னிரண்டரை இலட்சம் பவுண். இங்கிலாந்தில் வாழ்ந்த யூசுப் இஸ்லாம் என்னும் பாடகர், ஏ. ஆர். ரகுமான் முதலானோரைத் துணைக்கொண்டு சுனாமியைப் பற்றிய ஒரு பாடலைப் பதிவுசெய்து, அதன் வருவாயைச் சுமாத்திராவின் பண்டா ஆச்சேயில் அனாதைகளான குழந்தைகளுக்கு ஆக்கினார்.

இங்கே எண்களைச் சற்று நிதானமாக நோக்குதல் நன்று. பிரித்தானியாவின் பேரிடர் நிவாரணக் குழு சுனாமிக்காகத் திரட்டிய மொத்தத் தொகை 39 கோடியே 20 இலட்சம் பவுண். அதன் முன் கார்டிவ் கச்சேரியின் தொகை நூற்றில் அரைப்பங்குக்கும் குறைவு. அறுபதினாயிரம் தொண்டைகள் எழுப்பிய முழக்கம் பெரிது; பணமோ சிறிது. இதனாற் கச்சேரி வீண் என்று கொள்ளுதல் பிழை. பெரிய தொகை கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான வீடுகளிலிருந்து வந்தது. அவ்வீடுகளின் கவனத்தைச் செய்தித்தாளின் முதற்பக்கம் மறந்த பின்னரும் பிடித்துவைத்திருந்தவற்றுள் கச்சேரியும் ஒன்று. ஆனால், கச்சேரி நடந்துவிட்டது, எனவே கரைக்கு வேண்டியது வந்துவிட்டது என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

இரசிகர் சீட்டு வாங்குவதோடு நில்லாமல் தாமே வீடு வீடாக, நண்பர் நண்பராகப் பணம் சேர்க்கும் முறை இதனினும் பயனுடையது. லிங்கின் பார்க் என்னும் அமெரிக்க இசைக்குழு, சுனாமியை அடுத்து 2005இல் இடர் நிவாரணத்துக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தது. 2010இல் ஹெயிட்டி நாடு நடுங்கியபோது, பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பெற்றுக்கொண்டு இயன்றதைக் கொடுக்கும்படி இரசிகரை வேண்டியது. 2011 மார்ச் 11ஆம் நாள் யப்பானின் வடகிழக்கே நிலம் நடுங்கிக் கடல் ஏறியது. மாண்டோரும் காணாமற்போனோரும் இருபதினாயிரத்தை நெருங்கினர். அப்போது அக்குழுவினர் செய்த ஏற்பாடு புதுமையானது. யப்பானுக்காகக் குறைந்தது 500 டொலர் திரட்டிவரும் இரசிகருக்கு மட்டும், 2011 ஓகஸ்ட் 31ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சிறிய அரங்கொன்றிற் பாடுவதாக அறிவித்தனர். சீட்டு விலைக்கு இல்லை, உழைப்புக்கு உண்டு! இரசிகன் ஒவ்வொருவனும் தன் சுற்றத்தாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் கையேந்தினான். அவ்விசையை ஒருபோதும் கேட்டிராத பாட்டியும் பேரனுக்காகப் பத்து டொலர் கொடுத்திருப்பாள். அரங்கு சிறிதாயினும் வலை அகலமாக விரிந்தது.

இனி, திரண்ட பணம் செல்லும் வழியை நோக்குவோர் சில கசப்பான உண்மைகளையும் காண்பர். சுனாமி நடந்து பத்து நாளுக்குள், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் உலக அமைப்பு, தன் சுனாமிப் பணிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனிக் கொடுப்போர் பிற இடர்களுக்குக் கொடுக்கலாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. கொடுக்க வந்தவனைப் போதும் என்று தடுப்பது அறநிறுவனங்களின் வழக்கமன்று. அந்நேர்மையைச் சிலர் குறைகூறவும் செய்தனர். நாகப்பட்டினக் கரையோரங்களில் எவரும் எடுக்காத பழந்துணிகள் தெருவோரத்திற் குவிந்து கிடந்தன. இலங்கையிலோ மீன்பிடிக் கலங்களில் ஏறக்குறைய முக்காற்பங்கு அழிந்தோ சிதைந்தோ போனமையால், படகு கொடுப்பதே சிறந்த கொடை என்று பலரும் எண்ணினர். படகின் படம் எடுக்க அழகானது. கொடுத்தவரின் பெயரை அதன் பக்கத்தில் எழுதவும் இடம் உண்டு. விளைவு, சில மாவட்டங்களிற் சிறு படகுகள் முன்னிருந்ததிலும் மிகுந்துவிட்டன. கடலுக்குத் தகாத மெலிந்த படகுகளும் அவற்றுட் பல. மறுபுறம், கரையிலிருந்து தென்மேற்கில் 100 மீற்றர், வடகிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்ற விதியாற் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிற் காத்துக் கிடந்தன. பணம் இருந்தது, நிலம் இல்லை. வலை திருத்துபவன், கருவாடு போடும் பெண், மீன் சுமக்கும் சைக்கிள் வியாபாரி ஆகியோருக்குப் படகும் இல்லை, பட்டியலும் இல்லை. விற்பனை முடங்கியதாற் கடனாளியான கற்பிட்டிப் பக்கத்து மீனவனும் இவர்களோடு சேர்க்கத்தக்கவனே.

கணக்கு ஒழுங்கும் நம்பிக்கையும் பற்றிய கதைகள் இன்னும் கூர்மையானவை. 2010 சனவரி 12ஆம் நாள் ஹெயிட்டியில் நிலம் நடுங்கியது. பத்தே நாளில் உலகப் பாடகர் பலர் தோன்றிய ஒரு தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி ஆறு கோடி டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. அதே வேளையில், அந்நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் புகழ்பெற்ற ஒரு பாடகர் முன்னரே நிறுவியிருந்த அறநிலையத்துக்கும் இரசிகர் வாரி வழங்கினர். அந்நிலையம் அவ்வளவு பணத்தைக் கையாளப் பழகியதன்று. முந்திய ஆண்டுகளின் செலவுகளே கேள்விக்குள்ளாகிக் கணக்காய்வு நடந்தது. 2012இல் நிலையம் மூடப்பட்டது. பாடுவதற்குரிய திறன் வேறு, பண்டசாலை நடத்துவதற்குரிய திறன் வேறு.

துருக்கியில் நடந்தது இதற்கு மறுதலை. ஹலுக் லெவென்ட் என்னும் ரொக் பாடகர் 2017இல் அஹ்பாப் என்ற உதவிச் சங்கத்தை அமைத்தார். 2023 பெப்ரவரி 6ஆம் நாள் துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, மக்கள் பழம்பெரும் நிறுவனங்களை விட்டுப் பாடகரின் சங்கத்துக்கே பெருந்தொகை அனுப்பினர். சில வாரங்களில் ஒரு செய்தி வெளியாயிற்று. நாட்டின் செம்பிறைச் சங்கம், குளிரில் மக்கள் வெட்டவெளியிற் கிடந்த நாள்களில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட கூடாரங்களை அஹ்பாப் சங்கத்துக்கு 4 கோடியே 60 இலட்சம் லீராவுக்கு விற்றிருந்தது. நன்கொடையால் இயங்கும் ஒரு சங்கம், நன்கொடையால் இயங்கும் மற்றொரு சங்கத்துக்குக் கூடாரத்தை விலைக்குக் கொடுத்தது மக்களைக் கொதிப்படையச் செய்தது. சில மாதங்களிற் செம்பிறைத் தலைவர் பதவி விலகினார். பாடகரின் சங்கம் வாங்கியதை ஒளிக்கவில்லை. கூடாரம் மக்களுக்கு வேண்டியிருந்தது, விற்பனைக்கு இருந்தது, வாங்கினோம் என்பதே அவர்கள் நிலை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, கண்டக்குழி போன்ற ஒரு கரைக்கு இரசிகரின் காசு எப்பொழுது மிகப் பயன்படும் என்ற கேள்வி எழுகின்றது. முதல் வாரத்தில் உணவும் மருந்தும் தருவது அயலூராரே. சுனாமியன்று கொழும்பு வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் பொருள் சேர்க்கும் களஞ்சியங்களாக மாறியதும், லொறிகள் இரவோடிரவாகப் புறப்பட்டதும் எவருடைய கச்சேரிக்காகவும் காத்திருந்து நடக்கவில்லை. பெருங்கச்சேரி நிகழ்வது மூன்றாம் நான்காம் வாரத்தில். அதன் பணம் வந்து சேர மாதங்களாகும். அவ்வாறு வரும் பணத்தை அரிசியாக மாற்றுவதிற் பொருளில்லை. வள்ளத்துக்கு இயந்திரம், ஐஸ் வைக்கும் நிலையம், பிள்ளைகளின் இரண்டாம் ஆண்டுப் பள்ளிச் செலவு, மீண்டும் வட்டிக்காரனிடம் போகாதிருக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சுழல்நிதி ஆகியன, படம் பிடிப்போர் ஊரைவிட்டுச் சென்ற பின்னர் தேவைப்படுவன. ஒரு மாலைச் சீட்டைவிட ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரும் இசைத்தட்டு உரிமைத் தொகை இத்தேவைகளுக்குப் பொருத்தமாக அமைகின்றது. சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் வேதபாடசாலைக்கு ஈட்டித் தந்தது அவ்வகைப் பணமே.

1971இன் நியூயோர்க் நிகழ்ச்சிக்கும் அத்தகைய ஒரு மறுவாழ்வு கிடைத்தது. ஜோர்ஜ் ஹரிசன் 2001இற் காலமானார். அவருடைய குடும்பத்தார் யுனிசெவ்வோடு இணைந்து 2005இல் அவர் பெயரால் ஒரு நிதியம் நிறுவினர். அவ்வாண்டிலேயே பழைய படமும் இசைத்தட்டும் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தன. அவற்றின் விற்பனை வருவாய் அந்நிதியத்துக்குச் செல்கின்றது. அரைநூற்றாண்டுக்கு முன்னர் சுருதி கூட்டியதற்குக் கைதட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அப்பதிவை விலைகொடுத்து வாங்கும்போது, அதில் ஒரு பங்கு எங்கோ ஒரு நாட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசியாகவோ பாடப்புத்தகமாகவோ போய்ச் சேருகின்றது.